சம்பள, வங்கிக் கணக்குப் பற்றுகை

சம்பளப் பற்றுகை என்பது, கடனைத் திருப்பிச் செலுத்தாதவருக்கு அவருடைய முதலாளி தரவேண்டிய சம்பளத்தின் ஒரு பகுதியை நீதிமன்ற ஆணையின் மூலம் பிடித்துக் கடன் கொடுத்தவருக்குச் சேர்க்கும் சட்ட நடைமுறை ஆகும். அதே முறையில் வங்கியில் உள்ள இருப்பைப் பிடிப்பது வங்கிக் கணக்குப் பற்றுகை எனப்படும். இரண்டிலும் கடனாளியின் கையிலிருந்து எதுவும் பறிக்கப்படுவதில்லை. அவருக்குப் பணம் தரவேண்டிய மூன்றாம் நபருக்கே ஆணை செல்கிறது. முதலாளியோ வங்கியோ அந்தப் பணத்தைக் கடனாளிக்குக் கொடுக்காமல் நீதிமன்றத்தில் கட்ட வேண்டும். இதனால் வீட்டுக்கு அமீனா வந்து பொருளைத் தூக்கிச் செல்லும் வழக்கமான ஜப்தியில் உள்ள ஆரவாரம் இதில் இல்லை. மாதச் சம்பளம் குறைந்து வரும்போதுதான் பலருக்கு இப்படி ஓர் ஆணை இருப்பதே தெரியவருகிறது.

இக்கட்டுரை இந்தியாவில் நடைமுறையில் உள்ள சட்டத்தை முதன்மையாகக் கொண்டு எழுதப்பட்டுள்ளது. 1908 ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60 ஆம் பிரிவும், அச்சட்டத்தின் 21 ஆம் கட்டளையில் உள்ள விதிகளும் இதன் அடிப்படை ஆகும்.

சொற்களும் வரலாறும்

தமிழ்நாட்டுப் பேச்சுவழக்கில் இது "சம்பள ஜப்தி" அல்லது "சம்பளத்தை அட்டாச் செய்வது" எனப்படும். பற்றுகை என்பது சட்டத் தமிழில் வழங்கும் சொல். தீர்ப்பைப் பெற்ற கடன்காரர் தீர்ப்பாணை பெற்றவர் என்றும், பணம் கட்ட வேண்டியவர் தீர்ப்புக் கடனாளி என்றும் அழைக்கப்படுவர். பணத்தைக் கையில் வைத்திருக்கும் மூன்றாம் நபருக்குக் கார்னிஷி என்று பெயர். "எச்சரித்தல்" என்னும் பொருளுடைய பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து இது வந்தது. "இந்தப் பணத்தை அவரிடம் கொடுத்துவிடாதே" என்று எச்சரிக்கப்பட்டவர் என்பது இதன் கருத்து.

இம்முறை லண்டன் மாநகரின் பழைய வணிக வழக்கத்தில் வேர் கொண்டது. 1854 ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று இங்கிலாந்தின் பொது நீதிமன்றங்களுக்கு இதனைக் கொண்டுவந்தது. இந்தியாவில் முதல் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 1859 இல் இயற்றப்பட்டது. இப்போதுள்ள சட்டம் 1909 சனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. கடன் பற்றுகைக்கு விரிவான தனி நடைமுறை தரும் 46அ முதலான விதிகளும், தனியார் நிறுவன ஊழியர்களின் சம்பளத்துக்கான 48அ விதியும் 1976 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்டன.

தீர்ப்புக்குப் பிறகே பற்றுகை

கடன் வாங்கியவர் தவணை தவறினார் என்பதற்காக மட்டும் ஒரு தனிமனிதரோ நிதி நிறுவனமோ அவருடைய முதலாளிக்குக் கடிதம் எழுதிச் சம்பளத்தைப் பிடிக்கச் சொல்ல முடியாது. முதலில் வழக்குத் தொடுத்துத் தீர்ப்பாணை பெற வேண்டும். அதன் பின்னரும் கடனாளி செலுத்தாவிட்டால் நிறைவேற்று மனு தாக்கல் செய்து, சம்பளத்தையோ வங்கிக் கணக்கையோ பற்றுமாறு கேட்க வேண்டும். வழக்குரைஞர் அனுப்பும் அறிவிப்பும், வசூல் முகவரின் தொலைபேசி மிரட்டலும் பற்றுகை ஆணை ஆகா.

வழக்கு முடியும் முன்பே சொத்தைப் பற்றுவதற்கு 38 ஆம் கட்டளையின் 5 ஆம் விதி இடம் தருகிறது. எனினும், தீர்ப்பைப் பயனற்றதாக்கும் நோக்குடன் பிரதிவாதி சொத்தை மறைக்கவோ அப்புறப்படுத்தவோ முயல்கிறார் என்று நீதிமன்றம் மனநிறைவு கொள்ள வேண்டும். இது கடுமையான, அசாதாரணமான அதிகாரம் என்றும், ஈடில்லாக் கடனை ஈடுள்ள கடனாக மாற்றிக்கொள்ள இதைப் பயன்படுத்தக் கூடாது என்றும் 2007 ஆம் ஆண்டு வழங்கிய ராமன் டெக் வழக்கின் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் கூறியது. பிரதிவாதி போதிய ஈடு கொடுத்தால் இப்பற்றுகை நீங்கும்.

நடைமுறையில் சிக்கல் தொடங்கும் இடம் பெரும்பாலும் ஒருதலைத் தீர்ப்பே. அழைப்பாணை பழைய முகவரிக்குச் சென்றிருக்கலாம், கதவில் ஒட்டப்பட்டிருக்கலாம், கையில் வாங்கியும் "பணம் வாங்கியது உண்மைதானே, போய் என்ன சொல்வது" என்று பிரதிவாதி நீதிமன்றத்துக்குச் செல்லாமல் இருந்திருக்கலாம். அவர் வராத நிலையில் வட்டி விகிதம், ஏற்கெனவே கட்டிய தவணைகள், கடன் காலவரம்பு கடந்ததா என்ற வினா எதுவும் அவர் தரப்பிலிருந்து எழுப்பப்படாமலேயே முழுத் தொகைக்கும் தீர்ப்பாகிவிடும். நிறைவேற்றும் நீதிமன்றம் தீர்ப்பாணையின் உள்ளே புகுந்து அதன் சரி தவறுகளை ஆராய்வதில்லை. எனவே வழக்கின் முதல் நாளில் கேட்கப்படாத கேள்வியைப் பற்றுகை நாளில் கேட்பது மிகக் கடினம்.

எவ்வளவு பிடிக்கலாம்

சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும், எஞ்சியதில் மூன்றில் இரண்டு பங்கும் பற்றுகையிலிருந்து விலக்குப் பெற்றவை என்று 60 ஆம் பிரிவு கூறுகிறது. ஆக, பிடிக்கத் தக்கது 1,000 ரூபாய் போக மீதியில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே. மாதம் 31,000 ரூபாய் சம்பளம் பெறுபவரை எடுத்துக்கொண்டால், 1,000 போக 30,000. அதில் மூன்றில் ஒரு பங்கான 10,000 ரூபாய் பற்றப்படும். 21,000 ரூபாய் அவருக்குச் சேரும்.

சம்பளம் என்பதற்கு மொத்த மாத ஊதியம் என்று அப்பிரிவின் விளக்கம் பொருள் தருகிறது. அரசு அறிவிக்கையால் விலக்களிக்கப்பட்ட படிகள் மட்டும் அதில் சேரா. ஆகவே கணக்கு கையில் வரும் தொகையில் தொடங்குவதில்லை. ஏற்கெனவே வீட்டுக்கடன், வருங்கால வைப்பு நிதி, கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கக் கடன் எனப் பல பிடித்தங்கள் உள்ள ஊழியருக்கு, சட்டம் விட்டுவைத்த மூன்றில் இரண்டு பங்கிலிருந்தே அவையும் போக வேண்டியிருக்கும். (சங்கக் கடனுக்கான பிடித்தம் உறுப்பினரின் முன் ஒப்புதலின்பேரில் நடப்பது; அது பற்றுகை அன்று.)

முதல் 1,000 ரூபாய் என்ற வரம்பு 400 ரூபாயாக இருந்தது. 1999 ஆம் ஆண்டுத் திருத்தம் அதை உயர்த்தியது. அது 2002 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. விலைவாசியோடு இணைக்கப்படாத தொகை என்பதால், குறைந்த சம்பளக்காரரைக் காக்கும் அரணாக வைக்கப்பட்ட இந்த முதல் பகுதி இன்று பெயரளவில் மட்டுமே அரணாக உள்ளது. உண்மையான பாதுகாப்பு மூன்றில் இரண்டு பங்கு என்னும் விகிதத்தில்தான் இருக்கிறது.

ஜீவனாம்சத் தீர்ப்பாணைகளுக்கு விதி வேறு. அங்கு சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே விலக்குப் பெறும். மேற்கண்ட 31,000 ரூபாய் சம்பளக்காரரிடமிருந்து மனைவி மக்களின் பராமரிப்புக்காக ஏறத்தாழ 20,667 ரூபாய் வரை பற்ற முடியும்.

இருபத்து நான்கு மாத வரம்பு

பலரும் அறியாத விதி இது. ஜீவனாம்சம் அல்லாத ஒரு தீர்ப்பாணைக்காகச் சம்பளத்தின் பற்றத்தக்க பகுதி தொடர்ந்தோ விட்டுவிட்டோ மொத்தம் 24 மாதங்கள் பற்றப்பட்டிருந்தால், அந்தத் தீர்ப்பாணைக்காக அதனை மீண்டும் பற்றவே முடியாது. வேறொரு தீர்ப்பாணைக்காகப் பற்ற வேண்டுமானாலும் மேலும் 12 மாதங்கள் கழிய வேண்டும்.

மேற்கண்ட எடுத்துக்காட்டில் தீர்ப்புத் தொகை 4,00,000 ரூபாய் என்று கொண்டால், மாதம் 10,000 வீதம் 24 மாதங்களில் 2,40,000 ரூபாய் வசூலாகும். மீதி 1,60,000 ரூபாயும் அதன் மேல் வட்டியும் கடனாகவே நிற்கும். ஆனால் அதனைச் சம்பளத்திலிருந்து பெறும் வழி அடைபட்டுவிடும். தீர்ப்பாணை பெற்றவர் நிலம், வாகனம் முதலிய பிற சொத்துகளை நாட வேண்டும்.

மாதக் கணக்கை யாரும் கடனாளிக்கு எண்ணிச் சொல்வதில்லை. சம்பளம் வழங்கும் அலுவலர் நீதிமன்றத்திலிருந்து நிறுத்த ஆணை வரும் வரை பிடித்துக்கொண்டே இருப்பார். 24 மாதங்கள் முடிந்ததும், பிடித்தம் காட்டும் சம்பளச் சீட்டுகளை இணைத்து நிறைவேற்றும் நீதிமன்றத்தில் மனுச் செய்வது ஊழியரின் பொறுப்பாகவே விடப்பட்டுள்ளது.

ஆணை அலுவலகத்துக்கு வந்த பின்

அரசு ஊழியருக்கு 48 ஆம் விதியின்படியும், தனியார் ஊழியருக்கு 48அ விதியின்படியும் சம்பளம் வழங்கும் அலுவலருக்கு நீதிமன்றம் ஆணை அனுப்புகிறது. ஒரே தவணையிலோ மாதத் தவணைகளிலோ பிடித்து நீதிமன்றத்துக்கு அனுப்பும்படி அதில் குறிக்கப்பட்டிருக்கும். ஆணையை மீறிச் சம்பளத்தை முழுமையாகக் கொடுத்துவிட்டால் அத்தொகைக்கு வழங்குபவரே பொறுப்பாவார். "நம் ஆள்தானே" என்று கண்டுகொள்ளாமல் விடும் முதலாளிகள் இதனால் சிக்கலுக்கு உள்ளாகக்கூடும்.

ஏற்கெனவே ஒரு பற்றுகை முழுப் பகுதியையும் எடுத்துக்கொண்டிருக்கும்போது இரண்டாவது ஆணை வந்தால், முந்தைய பற்றுகையின் விவரத்தைக் குறிப்பிட்டு அதனை அலுவலர் திருப்பி அனுப்ப வேண்டும். இரண்டு கடன்காரர்கள் என்பதற்காக மூன்றில் இரண்டு பங்கைப் பிடிக்க இடமில்லை.

பற்ற முடியாதவை

தொழிலாளர்களின் கூலியும் வீட்டு வேலை செய்பவர்களின் கூலியும், பணமாயினும் பொருளாயினும், முழுமையாக விலக்குப் பெற்றவை. தொழிலாளர் என்பதில் திறன் பெற்றவர், பெறாதவர், ஓரளவு பெற்றவர் அனைவரும் அடங்குவர். கூலி என்பதில் போனசும் சேரும். ஆலைத் தொழிலாளி ஒருவரின் வருவாய் கூலியா சம்பளமா என்ற வினாவுக்கு இதனால் பெரும் எடை உண்டு. செய்யும் வேலையின் தன்மையைக் கொண்டே அது முடிவு செய்யப்படும்.

தரைப்படை, கடற்படை, விமானப்படைச் சட்டங்களுக்கு உட்பட்டவர்களின் ஊதியம், அரசு ஓய்வூதியம், பணிக்கொடை, வருங்கால வைப்பு நிதி, பொது வருங்கால வைப்பு நிதி, ஆயுள் காப்பீட்டுப் பத்திரத்தின்மேல் வரவேண்டிய தொகை, எதிர்கால ஜீவனாம்ச உரிமை ஆகியவையும் பற்றுகைக்கு அப்பாற்பட்டவை. ஊழியர் வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை தொடர்பான சட்டங்களும் அத்தொகைகளுக்குத் தனிப் பாதுகாப்பு அளிக்கின்றன.

இந்த விலக்குகளைக் கையெழுத்திட்டு விட்டுக்கொடுக்க முடியாது. விலக்கின் பயனைக் கைவிடுவதாகச் செய்துகொள்ளும் ஒப்பந்தம் செல்லாது என்று 60 ஆம் பிரிவின் (1அ) உட்பிரிவு தெளிவாகக் கூறுகிறது. கடன் பத்திரத்தின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் "என் ஓய்வூதியத்திலிருந்தும் பணிக்கொடையிலிருந்தும் வசூலித்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன்" என்று இருந்தாலும் நீதிமன்றப் பற்றுகைக்கு அது துணை செய்யாது.

ஜாமீன் கையெழுத்தும் சம்பளமும்

தமிழ்நாட்டில் சம்பளப் பற்றுகைக்கு உள்ளாவோரில் கடன் வாங்காதவர்களும் உண்டு. சீட்டு எடுத்த நண்பருக்காகவோ கடன் பெற்ற உறவினருக்காகவோ ஜாமீன் கையெழுத்திட்டவர்கள் இவர்கள். நிலையான மாதச் சம்பளமும் எளிதில் மாறாத பணியிடமும் உள்ளதால், அரசு ஊழியர், ஆசிரியர் ஆகியோரின் கையெழுத்துக்குச் சீட்டு நிறுவனங்களிலும் நிதி நிறுவனங்களிலும் தனி மதிப்பு உண்டு. அந்த மதிப்பு சம்பளத்தைப் பற்ற முடியும் என்பதிலிருந்தே பிறக்கிறது.

1872 ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 128 ஆம் பிரிவில், ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமமானது என்று கூறுகிறது. "முதலில் வாங்கியவரிடம் கேளுங்கள், அவரிடம் கிடைக்காவிட்டால் என்னிடம் வாருங்கள்" என்ற வாதம் எடுபடாது. கடனாளியிடம் எல்லா வழிகளையும் முயன்று பார்த்த பின்னரே ஜாமீன்தாரரிடம் வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதைப் பாங்க் ஆப் பீகார் எதிர் தாமோதர் பிரசாத் வழக்கில் 1968 இல் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. வாங்கியவர் ஊரை விட்டுப் போயிருக்க, கையெழுத்திட்டவரின் சம்பளம் பிடிக்கப்படுவது இதன் விளைவே ஆகும்.

இவ்வாறு பணம் கட்டிய ஜாமீன்தாரருக்குச் சட்டம் ஒரு வழியை வைத்துள்ளது. கட்டிய தொகையை மூலக் கடனாளியிடமிருந்து பெறும் உரிமை 145 ஆம் பிரிவிலும், கடன்காரர் வைத்திருந்த ஈடுகளைத் தாம் பெறும் உரிமை 140, 141 ஆம் பிரிவுகளிலும் உள்ளது. அதற்கு அவர் தனி வழக்குத் தொடுக்க வேண்டும். நட்பையும் உறவையும் எண்ணிப் பலர் அதைச் செய்யாமல் விட, காலவரம்பு கடந்துவிடுகிறது.

வங்கிக் கணக்குப் பற்றுகை

வங்கியில் போட்ட பணம் சட்டத்தின் பார்வையில் வங்கி வாடிக்கையாளருக்குத் தரவேண்டிய கடன். அதனாலேயே அதைப் பற்ற முடிகிறது. 46 ஆம் விதியின் கீழ் வங்கி பணத்தைக் கொடுக்கக் கூடாது, வாடிக்கையாளர் பெறக் கூடாது என்று தடையாணை பிறப்பிக்கப்படும். பின்னர் 46அ விதியின் கீழ், தொகையை நீதிமன்றத்தில் கட்டு அல்லது கட்டாமைக்குக் காரணம் காட்டு என்று வங்கிக்கு அறிவிப்புச் செல்லும். வங்கி இரண்டையும் செய்யாவிட்டால், வங்கிக்கு எதிரான தீர்ப்பாணை போன்றே அதனை நிறைவேற்ற முடியும். ஆணைப்படி கட்டிய வங்கிக்கு வாடிக்கையாளரிடம் அந்த அளவுக்குக் கடன் தீர்ந்ததாகும்.

சேமிப்புக் கணக்கு, நடப்புக் கணக்கு, முதிர்வடையாத வைப்புத்தொகை ஆகிய யாவும் இதற்கு உட்பட்டவை. மிகைப்பற்றுக் கணக்கில் நிலை தலைகீழ்; அங்குக் கடன் கொடுத்திருப்பது வங்கி என்பதால் பற்றுவதற்கு எதுவும் இல்லை. கணக்கில் உள்ள பணம் உண்மையில் வேறொருவருடையது என்றால், அவரை அழைத்து விசாரிக்க 46ஈ விதியும், உரிமை கோரி மனுச் செய்ய 58 ஆம் விதியும் வழி செய்கின்றன. மகனுடன் கூட்டுக் கணக்கு வைத்துள்ள தாய், அதில் உள்ளது தம் பணம் என்று நிறுவ வேண்டியிருப்பது இத்தகைய சூழலில்தான்.

கணக்கில் சேர்ந்த ஓய்வூதியம்

சம்பளப் பற்றுகையில் விலக்குப் பகுதியைக் கணக்கிட்டுப் பிடிப்பவர் முதலாளி. வங்கிக் கணக்கில் அத்தகைய கணக்கீடு எதுவும் தானாக நடப்பதில்லை. வங்கியின் கண்ணுக்கு இருப்பு ஒரே எண். அதில் ஓய்வூதியம் எவ்வளவு, வாடகை வரவு எவ்வளவு என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. ஓய்வூதியத்தைப் பற்றக் கூடாது என்று சட்டம் சொல்லியும், அது கணக்கில் விழுந்த மறுநாளே முடக்கப்படும் முரண்பாடு இதனால் எழுகிறது.

வருங்கால வைப்பு நிதி ஊழியரின் கையை அடையும் வரை பாதுகாக்கப்படும் என்று 1976 ஆம் ஆண்டில் ஜோதி சிட் பண்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. கையை அடைந்த பின் என்ன என்ற வினா நீண்டகாலம் வழக்குகளில் அலைக்கழிக்கப்பட்டது. 2008 இல் ராதே சியாம் குப்தா எதிர் பஞ்சாப் நேசனல் வங்கி வழக்கில் அந்நீதிமன்றம், ஓய்வூதியமும் பணிக்கொடையும் ஓய்வு பெற்றவர் பெற்றுக்கொண்ட பின்னரும் தம் தன்மையை இழப்பதில்லை என்றும், அவற்றை நிரந்தர வைப்பில் இட்டிருந்தாலும் விலக்குத் தொடரும் என்றும் தீர்ப்பளித்தது. விலக்குப் பெற்ற தொகைகள் கொடுபடத் தக்கவையாகும் முன்பும் பின்பும் பற்றத் தகாதவை என்று 60 ஆம் பிரிவின் முதல் விளக்கம் கூறுவதும் இங்கு நினைவுகொள்ளத் தக்கது.

ஆயினும் இந்தப் பாதுகாப்பைக் கேட்டுப் பெற வேண்டும். முடக்கப்பட்ட பணம் ஓய்வூதியத்திலிருந்து வந்தது என்று காட்டும் சுமை கணக்கு வைத்திருப்பவருடையது. ஓய்வூதியம் மட்டும் வரவாகும் கணக்கின் புத்தகத்தைக் காட்டினால் போதுமானதாக இருக்கும். நெல் விற்ற பணம், மகள் அனுப்பிய பணம், சீட்டுப் பணம் எல்லாம் கலந்த கணக்கில் எது எதிலிருந்து வந்தது என்று பிரித்துக் காட்டுவது கடினம்.

நிறுத்தும் வழிகள்

பற்றுகையை நிறுத்துவதற்கு எந்த வழி பொருந்தும் என்பது, குறை தீர்ப்பில் உள்ளதா, நிறைவேற்றத்தில் உள்ளதா, அல்லது கடன் சரியாக இருந்தும் கட்ட இயலாமை மட்டும் உள்ளதா என்பதைப் பொறுத்தது.

ஒருதலைத் தீர்ப்பை நீக்குமாறு 9 ஆம் கட்டளையின் 13 ஆம் விதியின் கீழ் மனுச் செய்யலாம். தீர்ப்பு நாளிலிருந்து 30 நாட்களும், அழைப்பாணை முறையாகச் சார்வு செய்யப்படாதிருந்தால் தீர்ப்பை அறிந்த நாளிலிருந்து 30 நாட்களும் காலவரம்பு ஆகும். சம்பளம் குறைந்ததைக் கண்டு முதன்முறையாக வழக்கை அறிந்தவருக்கு அந்த நாளே தொடக்கம். தக்க காரணம் காட்டினால் காலதாமதத்தை நீதிமன்றம் மன்னிக்கக் கூடும். மேல்முறையீடு மற்றொரு வழி. ஆனால் மேல்முறையீடு தாக்கல் செய்வதால் மட்டும் பற்றுகை நிற்காது. 41 ஆம் கட்டளையின் 5 ஆம் விதியின் கீழ் தனியாகத் தடையாணை பெற வேண்டும். பணத் தீர்ப்புகளில் ஒரு பகுதியைக் கட்டவோ ஈடு தரவோ நீதிமன்றம் பணிப்பது வழக்கம்.

விலக்குப் பெற்ற தொகை பற்றப்பட்டிருந்தாலோ, கணக்குப் பிழையாக இருந்தாலோ, 24 மாதங்கள் கடந்திருந்தாலோ, தீர்ப்பாணை பெற்று 12 ஆண்டுகள் கழிந்த பின் நிறைவேற்று மனு போடப்பட்டிருந்தாலோ, நிறைவேற்றும் நீதிமன்றத்திலேயே 47 ஆம் பிரிவின் கீழ் ஆட்சேபிக்கலாம். இதற்குத் தனி வழக்குத் தேவையில்லை; தனி வழக்குத் தொடுக்கவும் முடியாது.

நீதிமன்றத்துக்கு வெளியே பணம் கட்டியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. தீர்ப்புக்குப் பின் கடன்காரரிடம் நேரில் பணம் கொடுத்து, அவர் "முடிந்தது" என்று சொன்னதை நம்பிக் கடனாளி இருந்துவிடுகிறார். 21 ஆம் கட்டளையின் 2 ஆம் விதியின்படி அந்தச் செலுத்துதல் நீதிமன்றத்தில் பதிவு செய்யப்பட வேண்டும். தீர்ப்பாணை பெற்றவர் அதைத் தெரிவிக்காவிட்டால், கடனாளி 30 நாட்களுக்குள் மனுச் செய்ய வேண்டும். பதிவு பெறாத செலுத்துதலை நிறைவேற்றும் நீதிமன்றம் கணக்கில் கொள்ளாது. ரசீது கையில் இருந்தும் முழுத் தொகைக்கும் சம்பளம் பிடிக்கப்படுவது இப்படித்தான். எனவே நீதிமன்றத்திலேயே கட்டுவது, அல்லது வங்கி வழியாகக் கட்டி உடனே பதிவு செய்விப்பது பாதுகாப்பானது.

கடன் உண்மையாகவும் தீர்ப்புச் சரியாகவும் இருக்குமானால் எஞ்சுவது தவணையும் சமரசமும். தீர்ப்புக்குப் பின் தவணை முறைக்கு 20 ஆம் கட்டளையின் 11 ஆம் விதி இடம் தருகிறது. அதற்குத் தீர்ப்பாணை பெற்றவரின் சம்மதம் தேவை. 24 மாத வரம்பை அறிந்த கடன்காரர் சம்மதிக்கக் காரணம் உண்டு, ஏனெனில் பற்றுகையால் முழுத் தொகையும் வராது என்பது அவருக்கும் தெரியும். மக்கள் நீதிமன்றத்தில் ஏற்படும் சமரசம் தீர்ப்பாணைக்குச் சமம். அதன் மேல் மேல்முறையீடு இல்லை. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் முதலியோருக்கு 1987 ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12 ஆம் பிரிவு இலவச வழக்குரைஞர் உதவி பெறும் தகுதியை அளிக்கிறது.

கடைசி வழி நொடிப்பு நிலை. பேச்சுவழக்கில் "மஞ்சள் கடுதாசி கொடுப்பது" எனப்படும் இது, தனிமனிதர்களைப் பொறுத்தவரை 1909, 1920 ஆம் ஆண்டுகளின் பழைய நொடிப்புச் சட்டங்களின் கீழ் நடைபெற்று வந்தது. நொடித்தவர் என நீதிமன்றம் அறிவித்த பின், அதன் அனுமதியின்றிக் கடன்காரர்கள் தனித்தனியே நடவடிக்கை எடுக்க முடியாது. மனுக் கொடுத்தாலே கடன் தள்ளுபடி ஆகிவிடும் என்ற பரவலான நம்பிக்கை தவறு. சொத்துகள் நீதிமன்றப் பொறுப்புக்குச் செல்லும், நடத்தை விசாரிக்கப்படும்.

பணத் தீர்ப்புக்காகக் கடனாளியைச் சிறையிலடைக்கவும் சட்டத்தில் இடமுண்டு என்பதால், சம்பளப் பற்றுகையோடு சேர்த்துக் கைது அச்சுறுத்தலும் எழுவதுண்டு. கட்ட வழியிருந்தும் தீய எண்ணத்துடன் மறுப்பவரை மட்டுமே அவ்வாறு செய்யலாம், வறுமையால் கட்டாதவரைச் சிறையிலிடக் கூடாது என்று 1980 இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு கூறுகிறது. பணத் தீர்ப்புக்காகப் பெண்களைக் கைது செய்ய 56 ஆம் பிரிவு தடை விதிக்கிறது.

நீதிமன்றத் தீர்ப்பின்றி நிகழும் முடக்கம்

வங்கிக் கணக்கு முடங்கும் நிகழ்வுகள் அனைத்தும் மேற்கண்ட வகையைச் சேர்ந்தவை அல்ல. வரி நிலுவைக்காக வருமான வரித் துறையும், 2017 ஆம் ஆண்டின் சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் 79 ஆம் பிரிவின் கீழ் அவ்வரித் துறையும் உரிமையியல் நீதிமன்றத்துக்குச் செல்லாமல் நேரடியாக வங்கிக்கு அறிவிப்பு அனுப்ப முடியும். இங்கு நாட வேண்டியது அத்துறையின் அலுவலரையும் மேல்முறையீட்டு அமைப்பையுமே. முதல் மேல்முறையீடு நிலுவையில் உள்ளபோது, தகராறுக்குரிய வருமான வரியில் 20 விழுக்காடு கட்டினால் பொதுவாக மீதி வசூலை நிறுத்திவைக்கலாம் என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 2017 இல் தன் அலுவலர்களுக்கு அறிவுறுத்தியது.

குற்றப் புலனாய்வில் காவல்துறை கணக்கை முடக்குவது மற்றொரு வகை. வங்கிக் கணக்கும் கைப்பற்றத்தக்க சொத்தே என்று 1999 இல் தபஸ் நியோகி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2024 சூலை 1 முதல் இவ்வதிகாரம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106 ஆம் பிரிவில் உள்ளது. இணைய மோசடிப் பணம் பல கைகள் மாறி அறியாதவர் கணக்கில் விழும்போது அவருடைய கணக்கும் முடக்கப்படுவதுண்டு. இதற்கு 60 ஆம் பிரிவின் விகிதங்கள் பொருந்தா; குற்றவியல் நடுவரிடமோ உயர் நீதிமன்றத்திலோ முறையிட வேண்டும். எனவே கணக்கு முடங்கியவர் வங்கியிடம் முதலில் கேட்டறிய வேண்டியது, ஆணை பிறப்பித்தவர் யார், எந்தச் சட்டப் பிரிவின் கீழ், எவ்வளவு தொகைக்கு என்பதே. ஆணையின் நகலையும் எழுத்து மூலம் கேட்கலாம்.

பிற நாடுகளில்

ஐக்கிய அமெரிக்காவில் 1968 ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் பாதுகாப்புச் சட்டம், சாதாரணக் கடன்களுக்காகப் பிடிக்கும் தொகையை, சட்டப்படியான பிடித்தங்கள் போன பின் உள்ள வார ஊதியத்தில் 25 விழுக்காடு, அல்லது அவ்வூதியம் கூட்டரசுக் குறைந்தபட்ச மணிக்கூலியின் 30 மடங்கை விஞ்சும் தொகை, இவற்றுள் குறைவானது எனக் கட்டுப்படுத்துகிறது. ஒரே ஒரு கடனுக்காக ஊதியம் பற்றப்பட்டதைக் காரணம் காட்டி ஊழியரை வேலையிலிருந்து நீக்குவதை அச்சட்டம் தடை செய்கிறது. டெக்சாசு, பென்சில்வேனியா முதலிய சில மாநிலங்கள் சாதாரண நுகர்வோர் கடன்களுக்கு ஊதியப் பற்றுகையைப் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை. வங்கிக் கணக்கைப் பொறுத்து 2011 மே முதல் நடைமுறையில் உள்ள கூட்டரசு விதி குறிப்பிடத்தக்கது. ஆணை வந்ததும் வங்கியே முந்தைய இரண்டு மாத வரவுகளைப் பார்த்து, நேரடியாக வரவான சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் போன்ற தொகைகளை வாடிக்கையாளர் கேட்காமலேயே அவர் பயன்பாட்டுக்கு விட்டுவைக்க வேண்டும். இந்தியாவில் கணக்கு வைத்திருப்பவர் மனுச் செய்து பெற வேண்டிய விலக்கை அங்கு வங்கி முதல் நாளிலேயே கணக்கிட்டுத் தருகிறது. இங்கிலாந்தில் கார்னிஷி என்ற சொல் 2002 இல் கைவிடப்பட்டு, மூன்றாம் தரப்புக் கடன் ஆணை என்ற பெயர் வழங்குகிறது.